வெளியேற மறுத்த கலகம்: சிவசேனா கைமாறிய கதை

2022 ஜூன் 20, திங்கட்கிழமை. மகாராஷ்டிர சட்ட மேலவையின் பத்து இடங்களுக்கு அன்று தேர்தல். இரவு முடிவு வந்தபோது பாஜக நிறுத்திய ஐந்து பேரும் ஜெயித்திருந்தார்கள். சிவசேனா தலைமையிலான ஆளும் கூட்டணியில் காங்கிரசின் சந்திரகாந்த் ஹண்டோரே தோற்றுப்போனார். ஆளுங்கட்சி எம்எல்ஏக்களின் ஓட்டு மாறி விழுந்திருக்கிறது என்பது எல்லாருக்கும் புரிந்தது. யாருடைய ஓட்டு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நகர வளர்ச்சித் துறை அமைச்சர் ஏக்நாத் ஷிண்டேயைப் பிடிக்க முடியவில்லை. அவரும் சிவசேனா எம்எல்ஏக்கள் ஒரு கூட்டமும் கார்களில் குஜராத் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். உஸ்மானாபாத் எம்எல்ஏ கைலாஸ் பாட்டீல் வழியிலேயே இறங்கி, இருட்டில் நடந்து, கிடைத்த வண்டியைப் பிடித்து மும்பை திரும்பியதாகப் பிறகு சொன்னார். மற்றவர்கள் விடிந்தபோது சூரத் ஹோட்டலில் இருந்தார்கள்.

ஒன்பதாம் நாள், ஜூன் 29 இரவு, முதல்வர் உத்தவ் தாக்கரே ஃபேஸ்புக் நேரலையில் வந்து பதவி விலகினார். மறுநாள் ஷிண்டே முதல்வராகப் பதவியேற்றார். 2023 பிப்ரவரி 17 அன்று ‘சிவசேனா’ என்ற பெயரையும் வில் அம்பு சின்னத்தையும் தேர்தல் ஆணையம் ஷிண்டேவிடம் கொடுத்தது. கட்சியைத் தொடங்கிய பால் தாக்கரேயின் மகன் உத்தவ், அப்பா வைத்த பெயருக்குப் பின்னால் அடையாளத்துக்காக இன்னொரு பெயரை ஒட்டிக்கொண்டு, தீப்பந்தச் சின்னத்தில் நிற்கவேண்டி வந்தது.

பணம், விசாரணை அமைப்புகளின் மிரட்டல், டெல்லியின் திட்டம் என்று இதற்கு ஒற்றைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. மூன்றிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் இவை மட்டும் போதுமென்றால் இது 1991-லேயே நடந்திருக்கும், 2005-லும் நடந்திருக்கும். அப்போதும் தாக்கரேயோடு மோதியவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. அவர்கள் எல்லாரும் கட்சியை விட்டு வெளியே போனார்கள். ஷிண்டே போகவில்லை. அவர் எதிரே நின்று, கட்சியே நான்தான் என்றார். சட்டமும் கட்சியின் அமைப்பும் சேர்ந்து அந்தக் கூற்றுக்கு எப்படி இடம் கொடுத்தன என்பதுதான் இந்த நிகழ்வில் படிக்கவேண்டிய பகுதி.

நாம் ஏன் இதைப் பார்க்கவேண்டும்

மும்பையின் தாராவி, சயான், மாட்டுங்கா பக்கத்துத் தமிழனாகத்தான் நான் இதை எழுதுகிறேன். 1966 ஜூன் 19-இல் பால் தாக்கரே தொடங்கிய இந்த இயக்கம் முதலில் கைகாட்டிய எதிரி நாம்தான். அவருடைய ‘மார்மிக்’ வார இதழ், மும்பைக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் அதிகாரிகளின் பெயர்களைப் பட்டியலாக வெளியிட்டது. பக்கம் முழுக்கத் தென்னிந்தியப் பெயர்கள். தமிழர், மலையாளி, கன்னடர், தெலுங்கர் எல்லாரும் அந்தப் பட்டியலில் ‘மதராஸி’தான். 1966 அக்டோபர் 30 அன்று சிவாஜி பார்க்கில் முதல் தசராக் கூட்டம் நடந்தது. உடுப்பி ஹோட்டல்கள் தாக்கப்பட்டன. லுங்கியை விரட்டு என்ற கோஷம் தெருவுக்கு வந்தது. 1967 மக்களவைத் தேர்தலில் வடகிழக்கு மும்பையில் வி.கே. கிருஷ்ண மேனனைத் தோற்கடிக்க சேனா ஊர் ஊராக இறங்கி வேலை செய்தது; அவர் தோற்றார். மாட்டுங்காவில் அன்று குடியிருந்த குடும்பங்களில், பெயர்ப் பலகையைக் கழற்றி வைத்த கதை இல்லாத வீடு குறைவு.

அப்புறம் எதிரி மாறியது. முதலில் கம்யூனிஸ்டுகள்: 1970 ஜூனில் பரேலின் கம்யூனிஸ்ட் எம்எல்ஏ கிருஷ்ணா தேசாய் கொல்லப்பட்டார், அந்த இடைத்தேர்தலில் சேனாவின் வாமன்ராவ் மகாதிக் ஜெயித்து அதன் முதல் எம்எல்ஏ ஆனார். 1980-களின் பின்பாதியில் கட்சி இந்துத்துவத்துக்குத் திரும்பியபோது முஸ்லிம்கள். அந்தத் திருப்பத்தில் தென்னிந்திய இந்துக்களுக்கு உள்ளே வர ஒரு கதவு திறந்தது. 1985-இல் மாநகராட்சியும் சேனா கைக்கு வந்தபின், தாராவித் தமிழர்கள் அந்தக் கதவு வழியாகவே ஷாகாவுக்குள் போனார்கள்.

ஷாகா என்றால் என்ன என்று மும்பைக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டும். நடைபாதையை ஒட்டி ஒரு சின்ன அறை. வாசலில் சீறும் புலி முகம், மேலே காவிக் கொடி, உள்ளே பாலாசாகேப் என்று அழைக்கப்படும் பால் தாக்கரேயின் படத்துக்கு மாலை, நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேசை, மேசை டிராயரில் லெட்டர்ஹெட்டும் ரப்பர் ஸ்டாம்பும். மாலை ஆறேழு மணிக்கு மேல் ஷாகா பிரமுக், அதாவது அதன் தலைவர், வந்து உட்காருவார். தண்ணீர்க் குழாய் வரவில்லை, பிள்ளைக்கு ஸ்கூலில் இடம் இல்லை, சயான் ஆஸ்பத்திரியில் படுக்கை வேண்டும், ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போயிற்று என்று ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். அதில் மராத்தி சரியாகப் பேச வராத திருநெல்வேலிப் பெண்களும் இருப்பார்கள். ஒரு தாளில் நாலு வரி எழுதி முத்திரை குத்தித் தருவார்கள். அந்தத் தாளுக்கு வார்டு ஆபீசில் மதிப்பு இருந்தது. அப்பாவை அடித்த கட்சியின் வாசலில் மகன் போய் நின்றது இப்படித்தான். அதை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. அரசாங்கம் எட்டிப் பார்க்காத சந்தில் எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதைத்தான் மனிதர்கள் தட்டுவார்கள்.

ஆனால் இந்த ஷாகாவில் ஒரு நாளும் நடக்காத ஒன்று உண்டு. தேர்தல். ஷாகா பிரமுக்கை மேலிருந்து நியமிப்பார்கள். அவருக்கு மேலே இருக்கும் பகுதித் தலைவரான விபாக் பிரமுக்கையும் நியமிப்பார்கள். நியமனம் கட்சியின் ‘சாம்னா’ பத்திரிகையில் வரும். உச்சியில் ஒருவர் சொல்லும் சொல் அடிவரை இறங்கும். மேலே இருந்து கீழே வரும் பாதை அவ்வளவு சுத்தமாக இருந்தது. கீழே இருந்து மேலே போக ஒரு பாதையும் இல்லை. 2022-இல் நடந்ததற்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

முன்னால் போனவர்கள்

சகன் புஜ்பல் மும்பை மேயராக இருந்தவர், சேனாவின் முன்னணித் தலைவர்களில் ஒருவர். எதிர்க்கட்சித் தலைவர் பதவி மனோகர் ஜோஷிக்குப் போனதில் கசப்பு. மண்டல் பரிந்துரையைச் சேனா எதிர்த்ததிலும் அவருக்கு உடன்பாடில்லை. 1991 டிசம்பரில் உடைத்துக்கொண்டு கிளம்பினார். சேனாவுக்கு அன்று 52 எம்எல்ஏக்கள். புஜ்பல் காட்டிய கையெழுத்து 18. அந்த எண் தற்செயலாக வந்ததல்ல. 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தில், மூன்றில் ஒரு பங்கு எம்எல்ஏக்கள் பிரிந்தால் பதவி போகாது என்று ஒரு வழி இருந்தது. 52-இல் மூன்றில் ஒன்று 17-ஐத் தாண்டும்; பதினெட்டு வேண்டும். பிறகு சிலர் பயந்து திரும்பிப் போனார்கள். புஜ்பல் காங்கிரசுக்குப் போய்ச் சேர்ந்தார். சிவசேனா சிவசேனாவாகவே இருந்தது. பெயரைக் கேட்கும் எண்ணமே அவருக்கு வரவில்லை. 2000 ஜூலையில் உள்துறையைக் கையில் வைத்திருந்தபோது அதே புஜ்பல், 1993 கலவர காலத் தலையங்கங்களுக்காக பால் தாக்கரேயைக் கைது செய்ய வைத்தார். காலம் கடந்த வழக்கு என்று நீதிமன்றம் அன்றே விட்டுவிட்டது.

நாராயண் ராணே 2005 ஜூலையில் நீக்கப்பட்டார், காங்கிரசுக்குப் போனார். உத்தவின் சித்தப்பா மகன் ராஜ் தாக்கரே அந்த ஆண்டின் கடைசியில் விலகி, 2006 மார்ச் 9-இல் தனிக் கட்சி தொடங்கினார். 2003 ஜனவரியில் மகாபலேஷ்வர் கூட்டத்தில் உத்தவைச் செயல் தலைவராக்கும் தீர்மானத்தை முன்மொழிந்தவரே ராஜ்தான். அந்தக் கூட்டத்திலும் ஓட்டெடுப்பு கிடையாது. வாரிசு யார் என்பது வீட்டுக்குள் முடிவானது, மேடையில் அறிவிக்கப்பட்டது.

இவர்கள் எல்லாரும் வெளியே போனதற்குப் பால் தாக்கரே உயிரோடு இருந்தது ஒரு காரணம். 1992-இல் குடும்பத் தலையீடு பற்றிப் பழைய சேனாக்காரர் மாதவ் தேஷ்பாண்டே குற்றம் சாட்டியபோது, தாக்கரே ‘சாம்னா’வில் நானும் என் குடும்பமும் கட்சியை விட்டுப் போகிறோம் என்று எழுதினார். சைனிக்குகள் என்ற சேனாத் தொண்டர்கள் கூட்டம் கூட்டமாகத் தாக்கரே வீடான மாதோஸ்ரீ வாசலில் வந்து நின்றார்கள். அதோடு எதிர்ப்பு அடங்கியது. கட்சி யார் என்ற கேள்விக்கு அன்று தெருவில் பதில் கிடைத்துவிட்டது.

இன்னொரு காரணம் பயம். அதைப் பூசி மெழுகக் கூடாது. 1989-இல் மும்பையை ஒட்டிய தானே நகரின் மேயர் தேர்தலில் சேனா தோற்றது. கட்சிக்குள்ளேயே ஓட்டு மாறியது என்று சந்தேகம். துரோகி என்று பேசப்பட்ட கவுன்சிலர் ஸ்ரீதர் கோப்கர் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் தடா சட்டத்தின் கீழ் கைதாகி, பிறகு ஜாமீனில் வந்தவர் சேனாவின் தானே தலைவர் ஆனந்த் திகே.

தானே

அந்த ஆனந்த் திகேயின் சீடர்தான் ஷிண்டே. 1964-இல் பிறந்தவர், சாதாரா மாவட்டத்துக் குடும்பம். தானேயில் ஆட்டோ ஓட்டினார். கிசன் நகர் ஷாகா பிரமுக், 1997-இல் கவுன்சிலர், 2004-இல் எம்எல்ஏ. 2000-இல் படகு விபத்தில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்து அரசியலே வேண்டாம் என்று ஒதுங்கியவரைத் திரும்ப இழுத்துவந்தவர் திகே என்று சட்டமன்றத்திலேயே சொல்லியிருக்கிறார்.

திகே ஒருநாளும் தேர்தலில் நிற்கவில்லை. தேம்பி நாகாவில் உட்கார்ந்து நள்ளிரவு தாண்டியும் பஞ்சாயத்து கேட்பார். தானேக்காரர்களுக்கு அவர் சொல்தான் சட்டம். 2001 ஆகஸ்டில் விபத்துக்குப் பின் ஆஸ்பத்திரியில் இறந்தபோது, ஆட்கள் அந்த ஆஸ்பத்திரியையே கொளுத்திவிட்டார்கள். மாதோஸ்ரீக்குக் கட்டுப்பட்ட, ஆனால் மாதோஸ்ரீயை நம்பி இல்லாத ஒரு சேனா தானேயில் இருந்தது. அது ஷிண்டேயிடம் வந்தது. எம்எல்ஏ மும்பை வந்தால் யாரைப் பார்ப்பது, தேர்தல் செலவுக்கு யாரிடம் போவது, தொகுதி வேலைக்கு யார் கையெழுத்து என்ற கேள்விகளுக்கு மெல்ல மெல்ல ஷிண்டேதான் பதிலானார்.

உத்தவ் பக்கம் கதவு மூடிக்கொண்டே வந்தது. 2019 தேர்தலில் பாஜகவுக்கு 105, சேனாவுக்கு 56. முதல்வர் பதவியில் பாதிப் பாதி என்ற வாக்குறுதி இருந்ததாக உத்தவும், இல்லவே இல்லை என்று பாஜகவும் சொல்ல, கூட்டணி முறிந்தது. காங்கிரஸ், தேசியவாத காங்கிரஸ் ஆதரவோடு உத்தவ் முதல்வரானார். சில மாதத்தில் கொரோனா. 2021 நவம்பரில் அவருக்குக் கழுத்துப் பக்க முதுகெலும்பில் அறுவை சிகிச்சை. நிதித்துறை தேசியவாத காங்கிரசின் அஜித் பவாரிடம். சேனா எம்எல்ஏக்களின் தொகுதிக்குப் பணம் வரவில்லை என்ற புகார் ஊரெல்லாம் இருந்தது. 2021 ஜூனிலேயே பிரதாப் சர்நாயக் எம்எல்ஏ உத்தவுக்குக் கடிதம் எழுதினார்: விசாரணை அமைப்புகளின் தொல்லை தாங்கவில்லை, பாஜகவோடு மறுபடி சேர்ந்துவிடுவோம். கலகத்துக்கு ஒரு வருடம் முன்னால் எழுத்தில் வந்த எச்சரிக்கை அது. அப்புறம் 2022 ஜூன் 23-இல் சஞ்சய் ஷிர்சாட்டின் கடிதம்: வர்ஷா பங்களாவின் (முதல்வரின் அரசு இல்லம்) கதவு எங்களுக்குத் திறக்கவே இல்லை. இந்தக் கடிதத்தைப் படித்தபோது, பாஜகவின் திட்டத்தோடு இவர்களுடைய மனக்குறையும் உண்மைதான் என்று எனக்குத் தோன்றியது. ஒரு கட்சியில் குறையைச் சொல்ல ஒரே ஒரு கதவு இருந்து, அதுவும் மூடினால், அடுத்த கதவு வேறொரு மாநிலத்து ஹோட்டலில்தான் திறக்கும்.

முப்பத்தேழு

2003-இல் அரசியல் சட்டத் திருத்தம் அந்த மூன்றில் ஒரு பங்கு வழியை அடைத்துவிட்டது. மிஞ்சியது மூன்றில் இரண்டு பங்கு, அதுவும் இன்னொரு கட்சியோடு இணைந்தால் மட்டுமே. உடைவதைக் கடினமாக்குவதுதான் திருத்தத்தின் நோக்கம். ஆனால் சிறு குழுவாகப் பிரிந்து போகும் வழி அடைபட்டதால், கலகம் செய்தால் முழுக் கட்சியையும் எடுக்கும் அளவுக்குச் செய்தாகவேண்டும் என்ற நிலை வந்தது. புஜ்பலுக்குப் பதினெட்டு போதும். 2019-இல் ஜெயித்த 56 பேரில் ஒருவர் இறந்துவிட்டதால், ஷிண்டேவுக்கு 55-இல் 37 வேண்டும்.

அதனால்தான் அந்த ஒன்பது நாளும் எண்ணிக்கைதான் செய்தி. ஜூன் 21-இல் சேனா ஷிண்டேயைச் சட்டமன்றக் கட்சித் தலைவர் பொறுப்பிலிருந்து நீக்கி, அஜய் சவுத்ரியை நியமித்தது. கொறடா சுனில் பிரபு. அந்தப் பக்கத்திலிருந்து 34 கையெழுத்தோடு பதில் வந்தது: தலைவர் ஷிண்டேதான், கொறடா பரத் கோகாவலே. கூட்டம் சூரத்திலிருந்து கவுஹாத்திக்குப் போனது. ஜூன் 22 மாலை உத்தவ் பேசினார்: என் முகத்துக்கு நேரே வந்து வேண்டாம் என்று சொல்லுங்கள், பதவி விலகல் கடிதம் தயார். அன்றிரவே வர்ஷாவைக் காலி செய்து மாதோஸ்ரீ போனார். வழியெல்லாம் ஆட்கள் பூத்தூவி அழுதார்கள். ஆனால் மும்பை எம்எல்ஏக்கள் மாகிமின் சதா சர்வண்கரும், குர்லாவின் மங்கேஷ் குடால்கரும் அதையடுத்து கவுஹாத்தியில் தெரிந்தார்கள். முப்பத்தேழு தாண்டியது. ஜூன் 26-இல் அமைச்சர் உதய் சாமந்தும் போய்ச் சேர்ந்தார்.

உத்தவ் பக்கத்தார் பழைய வழியையும் முயன்று பார்த்தார்கள். குர்லா நேரு நகரில் குடால்கர் அலுவலகம் உடைக்கப்பட்டது. புனேயில் தானாஜி சாவந்த் அலுவலகம் உடைக்கப்பட்டது. ஜூன் 26-இல் ஒன்றிய அரசு பதினைந்து கலக எம்எல்ஏக்களுக்கு மத்திய ரிசர்வ் போலீஸ் காவல் போட்டது. அதோடு அந்த ஆயுதம் மழுங்கிப்போனது. துரோகிக்கு என்ன நடக்கும் என்ற பயம்தான் இந்த இயக்கத்தை அரை நூற்றாண்டு கட்டி வைத்த கயிறு. டெல்லியில் இருப்பவர்கள் காவல் கொடுத்தால் அந்தக் கயிறுக்கு வேலை இல்லை. தெருப் பலத்தால் வளர்ந்த இயக்கம், தன்னைவிடப் பெரிய பலம் எதிரே நின்றபோது தடுமாறியதை மும்பை முதன்முறையாகப் பார்த்தது.

சட்டப் பலமும் கைகொடுக்கவில்லை. துணை சபாநாயகர் நர்ஹரி ஜிர்வால் பதினாறு பேருக்குத் தகுதிநீக்க நோட்டீஸ் கொடுத்தார். அவர்மேலேயே நம்பிக்கையில்லாத் தீர்மானம் தந்திருக்கிறோம் என்று கலகக்காரர்கள் சொன்னார்கள். அப்படி நிலுவையில் இருக்கும்போது சபாநாயகர் தகுதிநீக்க முடிவு எடுக்கக் கூடாது என்று 2016-இல் அருணாசலப் பிரதேச வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. பதில் சொல்ல ஜூலை 12 வரை நேரம் கிடைத்தது. அதற்குள் ஆளுநர் பகத் சிங் கோஷ்யாரி ஜூன் 30-இல் பெரும்பான்மையைக் காட்டச் சொன்னார். உச்ச நீதிமன்றம் 29 இரவு தடை மறுத்தது. உத்தவ் வாக்கெடுப்புக்குப் போகாமலே விலகினார்.

அந்த ஓர் இரவின் முடிவுதான் வழக்கின் போக்கையே மாற்றியது. 2023 மே 11-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொன்னது. ஆளுநர் வாக்கெடுப்புக்கு அழைத்தது சரியல்ல; ஒரு கட்சியின் உட்பூசலைத் தீர்க்க ஆளுநருக்கு வேலை இல்லை. கொறடாவை நியமிப்பது அரசியல் கட்சி, எம்எல்ஏக்கள் குழு அல்ல; கோகாவலேயைச் சபாநாயகர் ஏற்றதும் சட்டவிரோதம். இவ்வளவும் சொல்லிவிட்டு, உத்தவ் தானாகவே விலகியதால் பழைய அரசை மீட்டுத் தர முடியாது என்றும் சொன்னது. இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்றும் ஆறவில்லை. பாதை தவறு என்று ஐந்து நீதிபதிகள் சொல்கிறார்கள், போய்ச் சேர்ந்த இடம் மட்டும் அப்படியே நிற்கிறது. நாளை இன்னொரு மாநிலத்தில் இன்னோர் ஆளுநர் இதிலிருந்து எதைக் கற்றுக்கொள்வார்?

தகுதிநீக்கம் சபாநாயகர் ராகுல் நார்வேகரிடம் போனது. 2024 ஜனவரி 10-இல் அவர், ஷிண்டே அணிதான் உண்மையான சிவசேனா என்றார். இரு பக்கமும் யாரையும் தகுதிநீக்கவில்லை.

கட்சி யாருடையது என்று எப்படி எண்ணுவது

தேர்தல் ஆணையத்தின் உத்தரவுதான் எல்லாவற்றிலும் கவனமாகப் படிக்கவேண்டியது. கட்சி உடைந்தால் சின்னம் யாருக்கு என்பதை 1968 சின்னங்கள் உத்தரவின் 15-ஆம் பத்திப்படி ஆணையம் முடிவு செய்கிறது. காங்கிரஸ் 1969-இல் உடைந்தபோது வந்த வழக்கில் மூன்று அளவுகோல் நிலைபெற்றன: கட்சியின் கொள்கை, கட்சி விதிகள், பெரும்பான்மை.

விதிகளை எடுத்தார்கள். தேர்தல் ஆணையம் வற்புறுத்தியதால் 1999-இல் சேனா தன் விதிகளில் உட்கட்சி ஜனநாயகத்தைச் சேர்த்திருந்தது. 2018-இல் அந்த விதிகள் மாற்றப்பட்டு அதிகாரம் மறுபடி உச்சியில் குவிந்தது. ஆணையத்துக்குத் தெரியாமல் பழைய ஜனநாயகமற்ற முறையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள் என்று ஆணையம் கடுமையாகவே எழுதியது. நிர்வாகிகளை நியமித்தது உத்தவ். அந்த நிர்வாகிகள் உத்தவ் பக்கம் நிற்கிறார்கள் என்று காட்டினால் அது எப்படிச் சான்றாகும்? ஆக, கட்சி அமைப்புக்குள் எண்ணிப் பார்க்க ஒன்றுமே இல்லாமல் போயிற்று. மிஞ்சியது எம்எல்ஏ, எம்பி எண்ணிக்கை. 55-இல் 40 ஷிண்டே பக்கம். 2019-இல் ஜெயித்த சேனா எம்எல்ஏக்கள் வாங்கிய ஓட்டில் சுமார் 76 சதவீதம் அந்த நாற்பது பேருடையது. தீர்ப்பு முடிந்தது.

ஷாகா அளவில், வார்டு அளவில், மாவட்ட அளவில் உண்மையான உட்கட்சித் தேர்தல் நடத்தி வந்திருந்தால் உத்தவிடம் அன்று காட்ட ஒரு பதிவேடு இருந்திருக்கும். லட்சக்கணக்கில் பிரமாணப் பத்திரம் வாங்கி லாரியில் அனுப்பியும் அது ஈடாகவில்லை. மேலிருந்து நியமித்தே பழகியவர்கள், கீழே ஆதரவு இருந்தும் அதை நிரூபிக்க வழியில்லாமல் தோற்றார்கள். இதற்காக ஷிண்டே பக்கம் நியாயம் போய்விடாது. எம்எல்ஏக்கள்தான் கட்சி என்று ஏற்றுக்கொண்டால், கொடி கட்டி, சுவரில் எழுதி, தேர்தல் அன்று பூத்தில் பசியோடு உட்கார்ந்தவனுக்கு என்ன இடம்? அந்த எம்எல்ஏக்களை வில் அம்புக்கு ஓட்டுப் போட்டுத்தான் ஜெயிக்க வைத்தார்கள். நாற்பது பேர் மனம் மாறினால் அந்த ஓட்டும் அவர்களோடு மாறிவிட்டது என்று எண்ணுவது எனக்கு ஒப்பவில்லை.

தாராவி 90 அடி சாலையில் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி, நெடுநாள் சேனாக்காரர், கணபதி மண்டல வசூலில் முன்னால் நிற்பவர். “அண்ணாச்சி, இப்ப நீங்க எந்தச் சேனா?” என்று கேட்டேன். “என்னைய எவன்யா கேட்டான்? எல்லாம் டிவியப் பாத்துத்தானே தெரியுது” என்றார்.

தாராவியில் இறங்கியபோது

தாராவியும் சயான் கோலிவாடாவும் மாகிமும் அடங்கிய தென்மத்திய மும்பையின் அன்றைய எம்பி ராகுல் ஷேவாலே. 2022 ஜூலையில் மக்களவையில் ஷிண்டே அணியின் தலைவராகவே அவர் ஆனார். அதனால் மும்பைத் தமிழர் அதிகம் இருக்கும் தொகுதியில் பிளவு நேராக வந்து இறங்கியது. தாதரில் உள்ள சேனா பவன் ஓர் அறக்கட்டளையின் பெயரில் இருந்ததால் உத்தவிடம் நின்றது. ஷாகாக்களுக்குத்தான் அடிதடி. சில இடத்தில் பலகை மாறியது, சில இடத்தில் பூட்டுப் போட்டு போலீஸ் நின்றது. மாநகராட்சியின் பதவிக்காலம் 2022 மார்ச் 7-இல் முடிந்திருந்ததால், 2025 முடியும்வரை கவுன்சிலர் என்றும் யாரும் இல்லை. முத்திரை குத்திய தாளோடு வார்டு ஆபீசுக்குப் போனால், அதைக் கையில் வாங்கிப் பார்க்கவே ஆள் இல்லாத நிலை.

அதே நேரத்தில்தான் தாராவி மறுசீரமைப்பு வேகம் பிடித்தது. 2018-இல் கூப்பிட்ட டெண்டரை உத்தவ் அரசு 2020-இல் ரத்து செய்திருந்தது. ஷிண்டே அரசு வந்த சில மாதங்களில் புதிய டெண்டர். 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் எடுத்தது. 2023 டிசம்பர் 16-இல் உத்தவ் அணி தாராவியிலிருந்து பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்சுக்குப் பேரணி நடத்தியது: 350 சதுர அடி போதாது, 500 வேண்டும். ஷேவாலே திட்டத்தின் பக்கம். கும்பார்வாடா மண்பாண்டக்காரர்கள், தோல் பட்டறைக்காரர்கள், இட்லி அவித்து சைக்கிளில் மாட்டுங்கா வரை கொண்டுபோகும் குடும்பங்கள் எல்லாருக்கும் இது வாழ்வா சாவா என்ற விஷயம். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருந்தவர்களுக்குத் தாராவிக்குள் வீடு. மாடியில் இருப்பவர்களுக்கும் பின்னால் வந்தவர்களுக்கும் வெளியே.

2024 மக்களவைத் தேர்தலில் உத்தவ் அணியின் அனில் தேசாய் ஷேவாலேயை 53 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டில் தோற்கடித்தார். வில் அம்பு தோற்று, தீப்பந்தம் ஜெயித்தது. ஒரு காலத்தில் சேனா என்றால் கடையை இழுத்து மூடிய தமிழர்களும் முஸ்லிம்களும் தாக்கரே பெயருக்கு ஓட்டுப் போட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் மாநிலம் முழுக்க ஷிண்டேவுக்கு 57, உத்தவுக்கு 20. சயான் கோலிவாடாவில் பாஜகவின் கேப்டன் தமிழ்ச்செல்வன் மறுபடி ஜெயித்தார். தாராவி காங்கிரசின் ஜோதி கெய்க்வாடிடம் போனது. முதல்வர் நாற்காலி பாஜகவின் தேவேந்திர பட்னாவிசுக்கு, ஷிண்டே துணை முதல்வர்.

எனக்குக் கவலை தருவது அதற்குப் பின் நடப்பது. இரண்டு சேனா இருக்கும்போது, உண்மையான மராத்தியன் யார் என்ற போட்டி வரும். முதல் வகுப்பிலிருந்தே இந்தி என்ற 2025 ஏப்ரல் அரசாணையை எதிர்த்து எழுந்த கோபம் நியாயமானது; அரசு ஜூன் 29-இல் பின்வாங்கியது. ஜூலை 5-இல் வொர்லியில் உத்தவும் ராஜும் இருபது ஆண்டுக்குப் பின் ஒரே மேடையில் நின்றார்கள். தமிழ்நாட்டு முதல்வர் ஸ்டாலின் வாழ்த்துச் சொன்னார். இந்தித் திணிப்பு என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். அந்த வாழ்த்தில் எனக்குப் பெருமைதான். ஆனால் அதே வாரத்தில் மராத்தி பேசவில்லை என்று மீரா ரோட்டில் ஒரு கடைக்காரர் அறை வாங்கிய வீடியோவும் ஊரெல்லாம் ஓடியது. அந்தக் கடைக்காரர் தமிழர் இல்லை. 1966 பட்டியலில் யார் பெயர் இருந்தது என்று தெரிந்தவர்கள் அந்த வித்தியாசத்தை வைத்து நிம்மதி அடையமாட்டார்கள். அண்ணன் தம்பி சேர்ந்ததைக் கைதட்டி வரவேற்கும் நம் ஆட்களிடமும், ஷிண்டே ஆட்சிக்கு மாலை போடும் நம் சங்கத்து ஆட்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: கடைக்காரரை அடிப்பது தவறு என்று உங்கள் தலைவரை வெளிப்படையாகச் சொல்ல வையுங்கள்.

சின்னத்தைத் திரும்பக் கேட்டு உத்தவ் போட்ட மனு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு மக்களவைத் தேர்தல், ஒரு சட்டமன்றத் தேர்தல் முடிந்தும், 2025 முடியும்வரை அதில் தீர்ப்பு வரவில்லை.